வெள்ளையடித்த சுவரில் கரிப்படங்கள்

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியதைச் சாரலை வைத்து நான் தெரிந்துகொண்டதில்லை. பள்ளி ஆய்வாளரிடமிருந்து கடிதம் வரும். மற்ற ஊர்ப் பள்ளிகளை வெயிலில் பார்வையிட்ட அதிகாரிகள், மேலகரத்தில் நான் தலைமையாசிரியராக இருந்த தொடக்கப் பள்ளியை மட்டும் சீசனில்தான் பார்வையிட்டார்கள். காலையில் அருவி, பிறகு கல்வி.

ஆய்வுக்கு முந்தின நாள் வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். ஓடு ஒழுகலாம், பெஞ்சு ஆடலாம். சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும். தாளாளர் முகம் சுளிக்காமல் செய்யும் ஒரே செலவு அது. செங்கோட்டை மலையாள ராஜ்யத்தை விட்டு நம் பக்கம் சேர்ந்த சில ஆண்டுகளுக்குப் பின், அந்தச் சுண்ணாம்பு ஒரு பெண்ணின் படிப்பையே அழிக்கப் பார்த்தது.

ஐந்தாம் வகுப்பில் படித்த அவள், பள்ளிக்குப் பின்தெருவில் தறி போட்டிருந்தவரின் மகள். பேச்சு அபூர்வம். வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு கத்தும்போது காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். பாடவேளை திடீரென்று மாறினாலும் அப்படித்தான். இன்று இதற்கு ஆட்டிசம் என்கிறார்கள். அன்று எங்களுக்குத் தெரிந்த பெயர் கிறுக்கு. தெரிந்த மருந்து பிரம்பு.

அந்த வருஷம் செங்கோட்டையிலிருந்து வந்த டீச்சர் பிரம்பைத் தொடவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் அந்தப் பெண்ணை அலைக்கழிக்கிறது என்று கண்டுகொண்டார். அவள் இடத்துக்கு எதிரே சுவரில் அன்றன்றைய வேலைகளைக் கரியால் வரிசையாக வரைந்தார்: மணி, சிலேட்டு, கஞ்சிக் கிண்ணம், வீடு. ஒன்று முடிந்ததும் அவளே அதைக் கோடு போட்டு அடித்துவிடுவாள். மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்லும் நேரத்தில் அவள் கிணற்றடியில் உட்கார்ந்து அதையே எழுதுவாள். கேள்வியும் பதிலும் சிலேட்டில்.

நான் கேட்டேன்: “ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா டீச்சர்?”

“கண்ணு மங்கலா இருக்கவனை முன்பெஞ்சில உக்கார வச்சிருக்கியள்லா சாரே? அதுக்கு எந்தச் சட்டத்தப் பாத்திய?”

பார்க்கவில்லைதான். போகப்போக மற்ற பிள்ளைகளும் அந்தப் படங்களைப் பார்த்தே அடுத்த பாடத்துக்குத் தயாரானார்கள்.

ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது தாளாளரின் எண்ணம். ஆய்வாளர் சொல்வதுதான் முடிவு என்றானது. அவள் வாப்பா என்னிடம் வந்து சொன்னார்: “தேறாதுன்னு அவுக சொல்லிட்டா, தறிக்கு நூல் தார் சுத்த உக்கார வச்சிருதேன் சார்வாள். இங்கன இருந்து எல்லார்ட்டயும் ஏச்சு வாங்குததுக்கு அது தேவல.”

ஆய்வு நாள் காலையில் அவள் வந்து, வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றாள். சத்தமே இல்லாத வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டாள். மெல்லிய ஒரு முனகல் கிளம்பியது, நிற்கவில்லை. டீச்சர் கஞ்சி காய்ச்சும் அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்து வந்தார்.

தாளாளர் பதறினார். “ஏம்மா, சுண்ணாம்பே இன்னும் காயல, அதுக்குள்ள கரியப் பூசுதியே!”

“இன்ஸ்பெக்டரு வருதாருன்னு அவளுக்கு யாரு சொல்லுவா? நீங்க சொல்லுதியளா அண்ணாச்சி?”

மணிக்கும் கஞ்சிக்கும் நடுவில் குடை பிடித்த ஒரு தொப்பை மனிதர் உருவானார்.

“அந்தத் தொப்பையவாவது கொஞ்சம் கொறைச்சுப் போடு தாயே.”

“கொறைச்சா ஆளு அடையாளம் தெரியாதே.”

முனகல் நின்றது. அவள் உட்கார்ந்தாள்.

ஆய்வாளர் தலை ஈரத்தோடு வந்தார். பிள்ளைகள் வாய் திறக்காமல் கைகூப்பினார்கள். கூட்டமாகக் கத்தித்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. தேடிப் பார்த்து நான்தான் டீச்சரிடம் சொல்லியிருந்தேன். ஆய்வாளரின் கண் சுவரில் இருந்த கரிப்படத்தில் நின்றது.

“இது யாரு?”

“ஐயாதான்,” என்றார் டீச்சர். தாளாளர் கூரையைப் பார்த்தார்.

ஆய்வாளர் அந்தப் பெண்ணிடம் ஒரு கணக்குக் கேட்டார். பதிலில்லை. குரலை உயர்த்திக் கேட்டார். அவள் கைகள் காதை நோக்கி எழுந்தன. டீச்சர் சிலேட்டை அவர் முன் நீட்டினார்.

“எழுதிக் குடுங்கய்யா. எழுத்துல பதில் சொல்லுவா.”

ஆய்வாளர் மீதி வரும் வகுத்தல் ஒன்றை எழுதினார். அவள் செய்தாள். அதைவிடக் கடினமான ஒன்றைக் கொடுத்தார். அதையும் செய்தாள். பிறகு எழுந்து, கரியை எடுத்து, குடைக்காரரை நெடுக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

ஆய்வாளர் சுவரருகே போய் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“என் சோலி முடிஞ்சுதாக்கும்?” என்றார் ஆய்வாளர்.

“முடிஞ்சுதுய்யா. இனிமே கஞ்சி.”

அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற வாப்பாவைப் பார்த்து, “படிக்கட்டும்” என்றார். அவருடைய குறிப்பிலும் அப்படியே எழுதினார். அதற்கடுத்த வரி: ஐந்தாம் வகுப்புச் சுவர் அசுத்தமாக உள்ளது, விளக்கம் தேவை.

மறுநாளே தாளாளர் சுண்ணாம்பு வாளியோடு ஆளை அனுப்பினார். விளக்கம் ஏற்கப்படும்வரை சம்பந்தப்பட்ட சுவரில் கை வைக்கக் கூடாது என்றேன். அப்படி ஒரு விதி உண்டா என்று அவர் கேட்கவில்லை. விளக்கத்தை இணைப்பு இல்லாமல் அனுப்பினேன். இணைப்பு எங்கே என்றார்கள். இணைப்பைக் கோப்பு எண் இல்லாமல் அனுப்பினேன். இதற்கு முன் என் வேலையில் இவ்வளவு கவனமாக நான் தவறு செய்ததில்லை.

முழுப்பரீட்சையில் அவள் தேறினாள். கடைசி நாளில் டீச்சர் வரிசையின் முடிவில் தென்காசிப் பெரிய பள்ளியின் வாசலை வரைந்தார். அங்கே அவளுக்கு யார் வரைவார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் அந்த வாசலை வெகுநேரம் பார்த்தாள். அதை மட்டும் அடிக்காமல் விட்டுவிட்டு வாப்பாவோடு போனாள்.

மறுநாள் விளக்கத்தை எல்லா இணைப்புகளோடும் அனுப்பினேன்.