தூத்தல் வேண்டாம் சாமி

கல்யாண வீட்டுப் பந்தியில் அழகுத்தாய் எப்போதும் கடைசி இலையில்தான் உட்காருவாள். அங்கிருந்தால்தான் வாசல் தெரியும், வாசல் வழியாக வானம் தெரியும். பாயசம் வருவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "ஒரு இடத்துல உக்கார மாட்டியாட்டி நீ?" என்று கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துவிட்டது. கேட்பவர்களுக்கு என்ன, வாய்தானே! கணவன் லாரியோடு வடக்கே போனால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். கரிசல் புஞ்சையும் அதன் கவலையும் கல்யாணமான நாளிலிருந்து இவள் தலையில்தான்.

அதிலும் இந்தப் புரட்டாசியில் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது இந்தப் பக்கத்து விவசாயம். நல்ல மழையாக ஒன்று இறங்கினால் உளுந்து முட்டிக்கொண்டு வந்துவிடும். சும்மா ஒரு தூத்தல் போட்டுவிட்டு மேகம் நடையைக் கட்டினால் வந்தது வினை. விதை ஏமாந்து முளைவிடும், வேர் இறங்க ஈரம் இருக்காது, வெயிலில் கருகிப்போகும். ஆவணியில் போட்டது அப்படித்தான் போனது. இப்போது மண்ணுக்குள் கிடப்பது இரண்டாவது விதை. இதுவும் போனால் விதைக்கிற பட்டம் தப்பிவிடும், புஞ்சை இந்த வருஷம் தரிசுதான்.

இந்த நேரம் பார்த்துத்தானா சந்தனமாரி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இறங்க வேண்டும்? சின்ன வயதில் இருவரும் ஒரே தீப்பெட்டி ஆபீசில் அருகருகே உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்கள். வாய்க்கால் பாய்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டதில் அவளுக்கு எதிலும் ஒரு சாவகாசம் வந்திருந்தது. மகள் ஐஸ்வர்யாவுக்குச் சுகப்பிரசவம் ஆனால் மேலமலை அய்யனாருக்கு ஏறி வந்து விளக்குப் போடுவதாக நேர்ந்திருந்தாளாம். துணைக்கு வா என்று கூப்பிடுகிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது?

பக்கத்துப் புஞ்சைக்காரன் முப்பிடாதி, ஆடுகளை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு, இருவரையும் பைக்கில் மலையடியில் கொண்டுவந்து இறக்கினான். சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

பாதி மலை வரை உடைமரமும் இலந்தை முள்ளும்தான். அதற்கு மேல் காடு கூடிவிட்டது. அழகுத்தாய்க்கு மூச்சு முட்டியது. வானமே இல்லாத இடத்தில் மனுஷி எப்படி நடப்பாள்? இலைச் சந்தில் பார்த்தால் ஒரு துண்டு வெளுப்பாக இருந்தது, ஒரு துண்டு கறுப்பாக இருந்தது. எதை நம்புவது?

"ஏட்டி, அங்கன பாரு, புள்ளிமான்!"

"அது அங்கனதான் நிக்கும். நீ நட."

"சிலுசிலுன்னு இருக்குட்டி. செத்த உக்காருவோம்."

"மேல போனாத்தான் டவர் எடுக்கும். முப்பிடாதிகிட்ட மேகம் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

சாமி கும்பிட வந்தவள் பின்னால் இரைக்க இரைக்க வந்தாள். துணைக்கு வந்தவள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

உச்சியில் சின்னக் கோயில். சந்தனமாரி விளக்கேற்றி, கண்ணை மூடி, வாய்விட்டே வேண்டினாள். "அய்யனாரே, எம் மவளக் காப்பாத்திக் குடுத்த. அழகுத்தாய் புஞ்சையிலயும் ஒரு தூத்தலாவது போடு சாமி."

"அடி பாவி!" என்று பாய்ந்து வந்தாள் அழகுத்தாய். "உன்ன யாரு கேக்கச் சொன்னா?"

"மழைதானட்டி கேட்டேன்?"

"தூத்தல்லா கேட்ட! கொட்டுனா கொட்டணும், இல்லன்னா எட்டியே பாக்கக் கூடாது. கேட்டதத் திரும்ப வாங்கு."

"சாமிகிட்ட கேட்டத எப்படிட்டி திரும்ப வாங்க?"

"வாங்குன்னா வாங்கு. தண்ணி வேணும்னா நீ மடையத் திறப்ப. உனக்கு என்ன தெரியும்?"

சந்தனமாரி சாமி பக்கம் திரும்பினாள். "தெரியாமக் கேட்டுட்டேன் சாமி, விட்டுரு" என்று மறுபடி கும்பிட்டாள்.

அப்போதுதான் அழகுத்தாயின் போனுக்கு லைன் கிடைத்தது. "மதினி, இங்கன இப்பத்தான் பொட்டுப் பொட்டுன்னு..." என்றான் முப்பிடாதி. அதோடு லைன் போய்விட்டது.

அழகுத்தாய் பாறையில் ஏறிக் கிழக்கே, புஞ்சை இருக்கும் திசையைப் பார்த்தாள். காற்றாலைகளுக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒரே மசமசப்பாக இருந்தது. மலையில் ஒரு சொட்டு இல்லை. பொட்டுப் பொட்டு என்றானே, அதோடு நின்றுபோயிருந்தால்? அழகுத்தாய் இறங்கிய வேகத்தில் இரண்டு இடத்தில் சறுக்கினாள். இரண்டு தடவையும் சந்தனமாரிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மலையடியில் பைக்கைக் காணோம். போனும் போகவில்லை. அழகுத்தாய் ரோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"நான் வாயத் திறந்திருக்கக் கூடாது" என்றாள் சந்தனமாரி.

"உன்மேல கோவம் இல்லட்டி. விதை என்னாச்சோன்னுதான் இருக்கு."

பொழுது சாய்கிற நேரத்தில் தூரத்தில் முப்பிடாதி தெரிந்தான். நடந்து வந்தான். கையில் செருப்பு.

"வையாதிய மதினி" என்று அங்கிருந்தே ஆரம்பித்தான். "உங்க புஞ்சை ஓரமா வந்தேன். மட்கார்டுக்குள்ள மண்ணு அப்பி அடைச்சுக்கிட்டு. தள்ளுனா உருள மாட்டேங்கு, தூக்குனா நான் முழங்கால் வரைக்கும் பொதையுதேன். வண்டிய அங்கனயே போட்டுட்டுத்தான் வாரேன்."

"சக்கரம் சுத்தவே இல்லையா?"

"ஒரு சுத்து சுத்தல மதினி."

அழகுத்தாய் அவன் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. தூத்தலுக்கெல்லாம் கரிசல் அப்படி ஆளை இழுக்காது.

அவள் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். சந்தனமாரி பதறிப்போனாள்.

"என்னட்டி செய்யுது? எந்திரி, ஊருக்கு நடந்துல்லா போவணும். இருட்டப் போவுது."

அழகுத்தாய் காலை நீட்டிக்கொண்டாள். வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"போவலாம்ட்டி. கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடுதேன்."