"வேற மருந்து எதுவும் இல்லை"

போன வருடம் மாசி மாதம், மதுரையில் நான் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை நான். ஆனாலும் கல்லீரல் கெட்டுவிட்டது என்றதும் சொந்தக்காரர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! என் உடம்பின் எதிர்ப்பு சக்தியே என் கல்லீரலைத் தாக்குகிறது, குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். பேரையூரில் இருக்கும் என் மச்சினன் கடைசி வரை நம்பவில்லை.

வழக்கமான மாத்திரைகள் எனக்குக் கேட்கவில்லை. புது ஊசி மருந்து ஒன்றைப் பரிசோதிக்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். வேறு வழி தெரியாமல் சேர்ந்தேன். முதலில் ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாகவே இருந்தது. அடுத்த முறை எல்லாம் தலைகீழ். இப்படியே போனால் மருந்தை நிறுத்த வேண்டியதுதான் என்றார்.

வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டார். இல்லை என்றேன். என் மனைவியும் இல்லவே இல்லை என்றாள். டாக்டரம்மா என்ன நினைத்தாரோ, இன்று காலையிலிருந்து சாருக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று அவளிடம் கேட்டார். இட்லி, சட்னி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "அப்புறம் மோருல பச்சிலை அரைச்சுக் கலக்கிக் குடுத்தேன்" என்றாள்.

"வேற மருந்து இல்லைன்னீங்களே?"

"பச்சிலை மருந்தா டாக்டர்? எலதான அது. காமாலைக்கு நல்லதுன்னு தம்பி ஊர்ல இருந்து குடுத்துவிட்டான்."

புதினா என்று நினைத்து நானும் தினம் குடித்திருக்கிறேன்! எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். அதற்குள் அவள் அழுதுவிட்டாள். "சோதிச்சுப் பாக்குற மருந்துன்னாங்க. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. சில இலைகள் கல்லீரலுக்கு ஆகாது, நிறுத்திவிட்டு வாருங்கள், மறுபடி பார்ப்போம் என்றார். அந்த நாட்களில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. மறு பரிசோதனையில் ஏறியிருந்த அளவுகள் எல்லாம் இறங்கியிருந்தன. புது மருந்து தொடர்ந்தது, இப்போதும் நன்றாகவே கேட்கிறது. அந்த நல்ல முடிவு தெரிந்த அன்று வெளியே வந்து ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்தோம்.

பச்சிலை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லைதான். ஆனால் என்னை இழந்துவிடக் கூடாது என்று ஒருத்தி அத்தனை பயந்தாள் என்பது, ஒவ்வொரு முறை ஊசிக்குக் கை நீட்டும்போதும் எனக்குத் தெம்பாக இருக்கிறது.