இன்னும் நூறு சம்பளம்

அன்று காலை ஸ்பேனருக்கு வந்த புகார் மிகச் சாதாரணமானது. எட்டு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடியில் கதவு முழுதாக மூடாமல் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இல்லை. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவருக்கு இது இருபது நிமிட வேலை. கதவு ஓடும் பள்ளத்தில் ஏதாவது குழந்தை பென்சிலையோ பாட்டில் மூடியையோ போட்டிருக்கும். எடுத்தால் சரியாகிவிடும்.

பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் செருகியிருந்ததால் வந்த பட்டப்பெயர்தான் ஸ்பேனர். கம்பெனியில் சின்னவர்களுக்கு அவர் ஸ்பேனர் அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் ஸ்பேனர். ஐம்பது வயது நிறைய இன்னும் நாலு மாதம் இருந்தது. கடன் வாங்கினால் கட்டிவிடுவார், கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல மாட்டார், ஒன்றாம் தேதி வந்த சம்பளம் இருபதாம் தேதியைப் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இருந்ததில்லை. "கை ரெண்டும் இருக்கிற வரைக்கும் சோத்துக்குப் பஞ்சமா?" என்பார்.

கட்டடத்தின் வாசலில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வருகைப் பதிவேடு. காவலாளி எழுந்து நின்று பேனாவை நீட்டினார். சீருடைச் சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரியது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு கையை விடலாம்.

"சார், பேரும் நேரமும் எழுதிட்டுப் போங்க சார்."

ஸ்பேனர் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். முகம் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. பன்னிரண்டு வருடம் தினமும் கேட்ட குரல் அது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து "ஸ்பேனரை அனுப்பு" என்று சொல்லும் குரல். அவருடைய பழைய மேனேஜர். கம்பெனியில் முதன்முதலில் சொந்தக் கார் வாங்கியவர். ஸ்பேனரின் சம்பளத்தைப்போல் ஐந்து மடங்கு வாங்கியவர்.

"சார், நீங்களா?"

காவலாளி கண்களைச் சுருக்கிப் பார்த்தார். வெட்கமோ திடுக்கிடலோ எதுவும் அந்த முகத்தில் இல்லை. "ஸ்பேனர்தானே? லிஃப்ட் மூணாவது மாடியில நிக்குது. முதல்ல அத முடிச்சிட்டு வா."

இருபது நிமிட வேலைக்கு அன்று ஒரு மணி நேரம் ஆனது. பள்ளத்தில் கிடந்தது ஒரு சட்டைப் பொத்தான். அதை எடுக்கக் குனிந்தபோது பின்பாக்கெட்டிலிருந்த ஸ்பேனர் நழுவி, மூன்று மாடி ஆழமும் சுவரில் மோதிக்கொண்டே போய்க் கீழே விழுந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் கையிலிருந்து எதுவும் லிஃப்ட் குழிக்குள் விழுந்ததில்லை.

கீழே வந்ததும் மேனேஜர் பக்கத்தில் தன் கருவிப் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "பையன் பார்த்துக்கறதில்லையா சார்?" என்றார்.

"அவன் பாடே அவனுக்குப் பெரும்பாடு. வீட்டுக்காரிக்கு வைத்தியம் பார்த்தோம், அவளும் போய்ச் சேர்ந்தா. ஆனா அதெல்லாம் காரணமில்ல. நான் கணக்குல தப்புப் பண்ணிட்டேன்."

"யாராச்சும் ஏமாத்திட்டாங்களா?"

"ஒருத்தனும் ஏமாத்தல. எங்கப்பா அறுபத்தெட்டுல போனாரு. எங்கண்ணன் அறுபத்தஞ்சு. அதான் நானும் தாராளமா எழுபதுன்னு வெச்சுக்கிட்டேன். ரிட்டையர் ஆனப்போ வந்த பணத்த அதுக்குத் தக்கபடி பிரிச்சுச் செலவு பண்ணேன். சரியா எழுபதுல தீர்ந்துச்சு. கணக்குல ஒரு பைசா பிசகல." மேனேஜர் பதிவேட்டை மூடினார். "இப்ப எழுபத்துநாலு ஆகுது. போன மாசம் டாக்டர்ட்ட போனேன். இதயம், சர்க்கரை, எல்லாம் சுத்தமா இருக்காம். இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லைங்கறாரு."

வெளியே ஒரு கார் ஒலி எழுப்பியது. மேனேஜர் முட்டியில் கையை ஊன்றி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். கார் உள்ளே நுழையும்போது நெற்றிக்குக் கையை உயர்த்தி வணக்கம் வைத்தார். ஓட்டி வந்தவன் பார்க்கவில்லை. ஸ்பேனர் பார்த்தார். அதற்கப்புறம் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்த மேனேஜர், பழைய நாட்களில் பழுது விவரம் கேட்கும் அதே தொனியில் கேட்டார். "உனக்கு எவ்வளவு சேர்ந்திருக்கு?"

"அதெல்லாம் ஆபீஸ்ல பிடிக்கிறாங்க சார்."

"பிடிக்கிறாங்க சரி. எவ்வளவு?"

ஸ்பேனருக்குத் தெரியவில்லை.

மறுநாள் சம்பளப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன அண்ணே, லோன் ஃபாரம் தீர்ந்துபோச்சே, அடுத்த வாரம்தான் வரும்."

"லோன் இல்லம்மா. என் சேமநிதியில எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்."

அவர் கணினித் திரையை ஸ்பேனர் பக்கம் திருப்பினார். ஸ்பேனர் ஒரு இலக்கம் குறைவாகப் படித்துவிட்டோமோ என்று விரல் வைத்து எண்ணினார். சரியாகத்தான் படித்திருந்தார். பதினோரு மாதச் சம்பளம். இருபத்தாறு வருட உழைப்புக்கு மிச்சம் அவ்வளவுதான்.

"யாராவது எடுத்திருக்காங்க" என்றார்.

"எடுத்திருக்காங்கதான்." பெண்மணி அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் பிரித்து வைத்தார். பணம் கேட்டு நாலு விண்ணப்பம். வாடகை வீட்டுக்கு முன்பணம். அம்மாவின் அறுவை சிகிச்சை. மகளின் கல்லூரி. நாலாவது, வீட்டைச் சீரமைக்க என்று எழுதியிருந்தது. சொந்த வீடே இல்லாதவருக்கு எந்த வீட்டைச் சீரமைக்க என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தப் பணத்தில் வாங்கியது ஒரு மோட்டார் சைக்கிளும் சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும். நாலிலும் கையெழுத்து அவருடையதுதான். அழகான கையெழுத்து.

"மாசாமாசம் பிடிக்கிறாங்களேம்மா?"

"பிடிக்கிறதுல முக்கால்வாசி நீங்க வாங்கின கடனுக்குப் போகுது அண்ணே. சம்பளச் சீட்டுல போட்டுத்தானே தர்றோம், படிக்கிறதில்லையா?" கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு ஐம்பத்தெட்டோட சரி, தெரியும்ல?"

"அறுபது இல்லையா?"

"அறுபது உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு. குழிக்குள்ள இறங்குறவங்களுக்கு ஐம்பத்தெட்டு." அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "எட்டு வருஷம், நாலு மாசம். இன்னும் நூறு சம்பளம் வாங்குவீங்க."

நூறு என்பது பெரிய எண் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். படியில் உட்கார்ந்து, பழுதுச் சீட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தார். நூறு சம்பளத்தில் நூறு மாதம் சாப்பிட வேண்டும். அதற்கப்புறம் சம்பளமில்லாத மாதங்கள். எண்பது வயது என்று வைத்தால் இருநூற்று அறுபத்துநாலு. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அடுத்த புகாருக்குப் போகாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

மனைவியிடம் சொல்ல ஒன்பது நாள் ஆனது. அவர் ஒரு மருந்துக் கடையில் பில் போடுபவர். ஞாயிறு காலை, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் போய், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"பதினொரு வருஷத்துக்கு வரும்னா சொன்னீங்க?"

"பதினொரு மாசம்."

மனைவி கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் சேலையில் இறங்குவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கடைக்கு வயசானவங்க வருவாங்க," என்றார். "பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைய மூணு நாளைக்கு மட்டும் கேப்பாங்க. ஐயோ பாவம்னு நெனச்சுக்கிட்டே அட்டையக் கத்திரிச்சுக் கொடுப்பேன். என்னையும் சேர்த்துத்தான் பாவப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்னு எனக்குத் தெரியல."

சண்டை போட்டிருந்தால் ஸ்பேனருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் மனைவி தட்டைக் கழுவியபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "உங்க அம்மா எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க?"

"எண்பத்தொன்பது."

"எங்கம்மாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். அப்ப தொண்ணூறுன்னு போடுங்க. முன்னாடியே போயிட்டா லாபம்."

மனைவி வைத்த திட்டத்தில் கருணையே இல்லை. சாப்பாடு மனைவியின் சம்பளத்தில். ஸ்பேனரின் சம்பளத்தில் பாதி, கைக்கு வருமுன்பே வங்கியில் வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். மோட்டார் சைக்கிளும் டிவியும் விற்பனைக்கு. மூன்று அறை வீட்டை விட்டு, நாலாவது மாடியில் இரண்டு அறை. வாடகை ஏறக்குறைய பாதி, ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கம்பெனியில் இந்தச் செய்தி பரவியபோது சிரிக்காத ஆள் இல்லை. "ஊருக்கெல்லாம் லிஃப்ட், உமக்கு மட்டும் படிக்கட்டா ஸ்பேனர்?" என்றார்கள். அவரும் கூடச் சிரித்தார்.

மகளிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது. அவள் வேறு ஊரில் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மேல்படிப்புக்கு வெளிநாடு போக ஆசை. "நீ காலேஜுல இடம் வாங்கு, பணத்த அப்பா பார்த்துக்கறேன்" என்று ஸ்பேனர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இடம் கிடைத்த செய்தியைச் சொல்லத்தான் அவள் போன் செய்தாள். முடியாது என்று அவர் சொன்னதும், இணைப்புப் போய்விட்டதோ என்று மனைவி போனை எடுத்துப் பார்த்தார்.

"பணம் இல்லன்னு சொன்னதுக்குக் கோபம் இல்லப்பா," என்றாள் மகள் கடைசியில். "இருக்கிற மாதிரியே இவ்வளவு நாள் பேசுனீங்களே. நானும் அத நம்பி எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே."

நம்பியவள் மகள் மட்டுமல்ல, தானும்தான் என்று சொல்ல வாயெடுத்து ஸ்பேனர் அடக்கிக்கொண்டார். அவள் ஐந்து வாரம் போன் செய்யவில்லை. வீடு மாற்றும் நாளில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பெட்டிகளை நாலு மாடி தூக்கினாள். தன் பெயரில் கடன் வாங்கி அடுத்த வருடம் போகப்போவதாகச் சொன்னாள். அப்படியே போனாள்.

மேனேஜரைப் பார்த்ததற்கு அடுத்த மாதம், பராமரிப்புக்காக அந்த எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போனபோது, ஸ்பேனர் ஒரு உறையில் கொஞ்சம் பணம் வைத்திருந்தார். மனைவிக்குத் தெரிந்துதான். வாசல் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

"பெரியவரா? அவரு போன மாசமே நின்னுட்டாருங்க."

"எங்க போனாரு?"

"தெரியாதுங்க. பேரு கூடத் தெரியாது. மேனேஜர்னுதான் கூப்பிடுவோம். ஏன் அப்படிக் கூப்பிட்டோம்னும் தெரியல."

மகனின் விலாசம் தேடினார், பழைய ஊழியர்களிடம் விசாரித்தார். ஒன்றும் தெரியவில்லை. உறையைப் பிரிக்காமல் ஒரு வருடம் அலமாரியில் வைத்திருந்துவிட்டு வங்கியில் போட்டார்.

சிக்கனம் மட்டும் போதாது என்பது சீக்கிரமே விளங்கியது. நூறு சம்பளத்தை நூற்றெண்பது ஆக்கினால்தான் கரை சேரலாம். லிஃப்ட் பாதுகாப்பாக இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தரும் ஆய்வாளர்கள் அறுபத்தைந்து வரை வேலை செய்யலாம். குழிக்குள் இறங்க வேண்டாம், ஆனால் எழுத்துத் தேர்வு உண்டு. லிஃப்டில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று போய் உட்கார்ந்தவர், நாலு மதிப்பெண்ணில் தோற்றார். கை அறிந்தது வேறு, தாள் கேட்டது வேறு. மனைவி கடையிலிருந்து வந்து கால்களை நீட்டிக்கொண்டு விதிகளைக் கேள்வியாகக் கேட்பார். இவர் பதில் சொல்வார். ஐம்பத்துமூன்று வயதில், இரண்டாம் முறை தேறினார்.

மூன்று வருடம் கழித்து வீட்டுக்காரர் குடித்தனக்காரர்களைக் கீழே கூட்டி, கட்டடத்தில் லிஃப்ட் போடப் போவதாகச் சொன்னார். பெரும்பாலோர் சம்மதித்தால் போதும். வாடகை கொஞ்சம் ஏறும். எல்லோரும் ஸ்பேனரைத்தான் பார்த்தார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று அவர் சொல்வார் என்ற நினைப்பு.

"எனக்கு வேண்டாம்" என்றார் ஸ்பேனர்.

இரண்டாம் மாடித் தையல்காரர் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று முன்னால் வந்தார். "நீங்களா சொல்றீங்க? முப்பது வருஷமா லிஃப்ட்டாலதானே சாப்பிடறீங்க?"

"ஆமா. இது வந்தா அந்தச் சாப்பாடு குறையும்."

அவரும் மனைவியும் மட்டுமே எதிர்த்தார்கள். லிஃப்ட் வந்தது, வாடகையும் ஏறியது.

இப்போது ஸ்பேனருக்கு அறுபத்தொன்று. சேர்த்தது, இருவரும் கையை இறுக்கிச் செலவு செய்தால், பதின்மூன்று வருடத்துக்கு வரும். தொண்ணூறுக்கு எட்டாது. வேலைக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. மகள் கடனை அடைத்துவிட்டாள், அவ்வப்போது ஏதாவது அனுப்புகிறாள், அதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாலைந்து வருடத்துக்கு முன்பு, கட்டடத்து லிஃப்ட் ஓடத் தொடங்கிய நாளில் அவர்தான் முதலில் ஏறிச் சோதித்தார். கதவு ஒரு நொடி முன்னதாக மூடுவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொன்னார், அதற்குக் கூலி வாங்கவில்லை. மாலையில் மனைவி மருந்துக் கடையிலிருந்து வந்தார். நின்றே வேலை செய்து வீங்கிய முழங்கால். உள்ளே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"சும்மா சொல்லக் கூடாது," என்றார். "நல்லாத்தான் இருக்கு."

ஸ்பேனர் நாலாவது மாடிக்கான பொத்தானை அழுத்தினார். ஏறிப்போன வாடகைக்கு எந்தச் செலவைக் குறைப்பது என்று மேலே போய்ச் சேரும்வரை யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.