படிக்கட்டின் நீலப் பக்கம்

சொய்லா பிரித்தோ தலைநகரத்தில் பிறந்தவள். அந்த வீட்டில் அப்பா, சித்தப்பா, அத்தை, நாய் எல்லாரும் லிசே என்ற பேஸ்பால் அணியின் கட்சி. கல்யாணமாகி சந்தியாகோவுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. சந்தியாகோ ஆகிலாஸ் அணியின் ஊர். அங்கே குளிர்காலத்தில் பேஸ்பால் சீசன் தொடங்கினால் மாதா கோயில் வாசலில்கூட மஞ்சள் கொடி பறக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், மைதானத்திலிருந்து நாலு தெரு தள்ளி, சொய்லா ஒரு பியூட்டி பார்லர் திறந்து சுவருக்கு லிசேயின் நீலத்தை அடிக்கச் சொன்னாள். பெயிண்ட் அடிக்க வந்தவன் நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் ஆமாம் என்றாள்.

சில வருஷத்தில் கணவன் நியூயார்க் போனான். போன இடத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். சேதி வந்த அன்றும் சொய்லா கடையைத் திறந்து சாயங்காலம் வரை வேலை பார்த்தாள். தலைநகரிலிருந்து அக்கா போன் செய்து, இனி அந்த ஊரில் உனக்கு என்ன இருக்கிறது, வந்துவிடு என்றாள். வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றாள் சொய்லா. அது உண்மைதான். சுருட்டை முடியை நேராக்கி, மழைத் தூறலிலும் கலையாதபடி அனுப்ப அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. மஞ்சள் கட்சிப் பெண்கள் தலை நிறைய ரோலருடன் டிரையருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு லிசேயைத் திட்டுவார்கள். சொய்லா டிரையரின் சூட்டைக் கொஞ்சம் கூட்டுவாள்.

எதிர்வீட்டில் பெர்சியோ லிரியானோ, தெருவில் மரியாதையாகத் தோன் பெர்சியோ. ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆகிலாஸ் வெறியர். லிசே தோற்ற மறுநாள் காலை ஒரு பழைய வாணலியும் கரண்டியுமாகத் தெருவைக் கடந்து வந்து பார்லர் வாசலில் நின்று தட்டுவார். தட்டி முடித்துவிட்டு வேலைக்குப் போவார். ஆகிலாஸ் தோற்றால் சொய்லா அவருக்கு ஒரு கோப்பை தீலோ கஷாயம் அனுப்புவாள். மனசு பதறிப்போனவர்களை அமைதிப்படுத்தக் கொடுப்பது அது. பெர்சியோ குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவித் திருப்பி அனுப்புவார். ஏறக்குறைய இருபது வருஷம் இருவருக்கும் இடையில் இருந்த போக்குவரத்து இவ்வளவுதான். இடையில் அவர் மனைவி இறந்தபோது, பெட்டியில் வைக்கும் முன் அவளுக்குத் தலைவாரி விட்டது சொய்லா. அந்தக் குளிர்காலம் வாணலிச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த குளிர்காலம் மறுபடி கேட்டது.

பிறகு பெர்சியோவின் சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்தது. ஒருநாள் சந்தை முனையில் ஆரஞ்சு வண்டி ஒன்றை இடித்துவிட்டார். வண்டிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காரை அங்கேயே நிறுத்திவிட்டு, சாவியை மைத்துனன் கீனோவிடம் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் வெளிச்சமும் நிழலும் தவிர வேறெதுவும் தெரியாமல் போயிற்று.

ஆனாலும் மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. கீனோ கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தைச் சொல்லுவான். கீனோ நல்லவன். அத்தானின் மனசு நோகக்கூடாது என்று நினைப்பவன். சாதாரணமாக மேலே எழும்பி எதிராளி கையில் விழுந்த பந்தை, சுவரைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிடுவான். ஒருநாள் ஆகிலாஸ் ஏழு ரன் பின்தங்கியிருந்தபோது, மஞ்சள் கூட்டம் முழுவதும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, பெர்சியோ மட்டும் எழுந்து நின்று கைதட்டி ஆடினார். கட்சி மாறிவிட்டாரோ என்று முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்து, ரன் கணக்கை உரக்கச் சொன்னான். பெர்சியோ உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவர் சுவரைத் தடவிக்கொண்டு தனியாகவே தெருவைக் கடந்து பார்லருக்கு வந்தார். உள்ளே மூன்று பெண்கள் டிரையரில் இருந்தார்கள். சொய்லா அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். விஷயத்தைச் சொன்னார். ரேடியோவைக் காதில் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கேட்டாள். ரேடியோக்காரன் எங்கள் அணியின் சம்பளக்காரன், பாதி புளுகு, மீதி மெத்தை விளம்பரம் என்றார்.

"நீதான் வந்து எனக்கு ஆட்டம் சொல்லணும்."

"நானா? நான் லிசே, தோன் பெர்சியோ. மறந்துட்டீங்களா?"

"அதனாலதான் கேக்கறேன். என் ஆளுங்க எனக்காகப் பொய் சொல்றாங்க. நீ சொல்ல மாட்ட. பொய் சொல்ற அளவுக்கு உனக்கு என்மேல பிரியம் கிடையாது."

டிரையருக்கு அடியில் இருந்த பெண்கள் காது கேட்காதவர்கள்போல இருந்தார்கள். சொய்லா யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கே உட்காருவது என்பதில்தான் தகராறு. செத்தாலும் நீலக்காரர்கள் நடுவில் உட்கார மாட்டேன் என்றார் அவர். மஞ்சளுக்கு நடுவில் உட்கார்ந்தால் தலைநகரில் புதைத்திருக்கும் அப்பா எழுந்து வந்துவிடுவார் என்றாள் அவள். கடைசியில் மைதானத்தில் இரண்டு நிறமும் சந்திக்கும் ஒரு படிக்கட்டைக் கண்டுபிடித்தார்கள். மட்டையோடு நின்று அடிக்கும் ஹோம் தளத்துக்குப் பக்கம், கீழ் வரிசை. படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் ஓரத்தில் பெர்சியோ, அந்தப் பக்கம் நீல ஓரத்தில் சொய்லா. நடுவில் வழி. நிலக்கடலை விற்கிறவனும் பீர் விற்கிறவனும் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கினார்கள். கடலைக்காரன் முக்கியமான கட்டத்தில் நடுவே நின்று பொட்டலம் கட்டினால் அவள் குரல் எட்டாது, பெர்சியோவுக்கு அந்தப் பந்து நடக்கவே இல்லை.

முதல் நாள் அவள் சொன்னது கடைக் கணக்கு மாதிரி இருந்தது. பந்து. ஸ்டிரைக். அவுட். பெர்சியோ பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வீச்சாளன் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வயிறு சரியில்லாதவன்போல இருக்கிறது என்றாள். இப்படிச் சொல், இதுதான் எனக்கு வேண்டும் என்றார். அதிலிருந்து அவள் பார்த்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். மட்டை பந்தில் பட்ட சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். போன பிறகு என்ன ஆயிற்று என்பதற்குத்தான் அவள்.

இதில் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. அதுவரை எதிரணி ஆட்டக்காரர்களை அவள் பார்த்ததே இல்லை. மஞ்சளாக எதுவோ ஓடும், அவ்வளவுதான். இப்போது சொல்லியாக வேண்டியிருந்ததால் பார்க்க வேண்டியதாயிற்று. மினாயா என்று ஒரு பையன், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று பந்து தடுப்பவன். பாய்ந்து விழுந்து பந்தை எடுத்து, எழுந்திருக்காமலே எறிவான். அப்படி ஒரு பாய்ச்சல் லிசேயின் நல்ல அடி ஒன்றைக் காலி செய்தபோது, துரதிருஷ்டவசமாகப் பிடித்துவிட்டான், ரொம்ப அழகாகப் பிடித்தான் என்றாள் சொய்லா. பக்கத்தில் இருந்த தியோஃபிலோ அவளை ஒரு பார்வை பார்த்தான். தியோஃபிலோ பேக்கரி வைத்திருப்பவன். சந்தியாகோவில் இருக்கும் சொற்ப லிசேக்காரர்களுக்கு அவன்தான் தலைவன் மாதிரி.

இப்படி இரண்டு சீசன் போயிற்று. இரண்டாவது சீசனின் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இரண்டு அணிக்கும் மோதல். ஜெயிப்பவர் இறுதிச் சுற்றுக்குப் போவார், தோற்பவர் வீட்டுக்குப் போவார். வீடியோ பார்த்துத் தீர்ப்பை மாற்றுகிற ஏற்பாடெல்லாம் அப்போது வரவில்லை. அம்பயர் சொன்னால் சொன்னதுதான்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். லிசே நாலு, ஆகிலாஸ் மூன்று. ஆகிலாஸ் அடிக்கிறது, இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் முடிந்தது. இரண்டாம் தளத்தில் மினாயா நிற்கிறான். அவன் ஓடிவந்து ஹோமைத் தொட்டால் ஆட்டம் சமன்.

மட்டையில் பந்து பட்டது. வலது பக்கம், தரையோடு என்று பெர்சியோவே சொன்னார். சொய்லா மூச்சுவிடாமல் மீதியைச் சொன்னாள். மினாயா மூன்றாம் தளத்தைத் தாண்டிவிட்டான், நிற்கவில்லை, வருகிறான், பந்தும் வருகிறது, ஹோமைக் காக்கும் கேட்சர் குனிகிறான், மினாயா கையை நீட்டி மார்பால் சறுக்குகிறான், புழுதி. அதோடு நிறுத்தினாள்.

அம்பயர் முஷ்டியை உயர்த்தினார். அவுட். லிசே ஜெயித்துவிட்டது. அவளைச் சுற்றி நீலம் முழுவதும் எழுந்து குதித்தது. தியோஃபிலோ யாரோ தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டு அழுதான். எதிர்ப்பக்கம் ஊளைச் சத்தம். பெர்சியோ படிக்கட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் சட்டைக் கையைப் பிடித்தார்.

"என்ன ஆச்சு?"

"அம்பயர் அவுட் குடுத்துட்டாரு."

"அம்பயரைக் கேக்கல. கை முதல்ல பட்டுச்சா, பந்து முதல்ல வந்துச்சா?"

சொய்லா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். கீழ் வரிசை அது. நேர் எதிரே நடந்தது. இப்போது போய் இதைக் கேட்கிறாரே என்று அவர்மேல் கோபம்தான் வந்தது. அவுட்டென்று தீர்ப்பு வந்துவிட்டது, அதைச் சொல்லியாயிற்று, அதில் பொய்யும் இல்லை. பெர்சியோ கையை எடுக்கவில்லை. எதையும் பார்க்காத கண்ணை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கை பட்டுச்சு," என்றாள். "பந்து அப்புறம்தான் வந்துச்சு."

தியோஃபிலோ குதிப்பதை நிறுத்தினான்.

"சொய்லா, வாயை மூடு. யார்கிட்ட என்ன பேசறே?"

"அவர் கேட்டாரு, சொன்னேன்."

"நீ எந்தக் கட்சி?"

"உன் கட்சிதான். ஆனா கை பட்டுச்சு."

அதற்குள் பின்வரிசையில் இருந்த மஞ்சள்காரர்கள் காதில் இது விழுந்துவிட்டது. லிசேக்காரியே சொல்லிவிட்டாள் என்று வரிசை வரிசையாகப் போயிற்று. பீர் கோப்பைகள் நீலப் பக்கம் பறந்து வந்தன. ஒன்று சொய்லாவின் தோளில் பட்டு உடுப்பையெல்லாம் நனைத்தது. எறிவது யார் என்று பெர்சியோ எழுந்து நின்று கேட்டார். டாக்ஸி ஓட்டிய காலத்தில் தெருமுனைவரை கேட்கும் குரல் அது. எறிவது நின்றது. பிறகு, தன்னை எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போகும்படி பக்கத்தில் இருந்த கீனோவிடம் சொன்னார். கீனோ மாட்டேன் என்றான். சொய்லாதான் ஈர உடுப்போடு படிக்கட்டைத் தாண்டிவந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பெர்சியோ தியோஃபிலோவுக்குக் கை நீட்டினார்.

"ஜெயிச்சுட்டீங்க. வாழ்த்துகள். இறுதிச் சுற்றுல நல்லா ஆடுங்க."

தியோஃபிலோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையைக் கொடுத்தான்.

அந்த வாரம் பார்லரில் கூட்டம். முடி நேராக்க வந்தவர்கள் பாதி, சொய்லாவின் வாயாலேயே அதைக் கேட்க வந்தவர்கள் பாதி. உள்ளூர் ரேடியோவிலிருந்து ஒருவர் போன் செய்து, நேயர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அவருக்குக் கண்ணு தெரியாது, அதனால சொன்னேன். உங்க நேயர்களுக்குத் தெரியும்ல?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நீலக்காரர்கள் அவளிடம் பேச்சை நிறுத்தினார்கள். இறுதிச் சுற்றுக்குத் தலைநகர் போக தியோஃபிலோ ஏற்பாடு செய்த வேனில் அவளுக்கு இடம் இல்லை என்று ஆள் சொல்லி அனுப்பினான். அவள் பஸ்ஸில் போனாள், தனியாக உட்கார்ந்து பார்த்தாள், லிசே தோற்றது, பஸ்ஸில் திரும்பி வந்தாள். இதற்கிடையே பெர்சியோ மூலைக் கடையில் உட்கார்ந்து, திருட்டு, சதி என்று பேசிக்கொண்டிருந்த தன் ஆட்களிடம், அன்று எத்தனை பேரைத் தளத்தில் நிற்க வைத்துவிட்டு அடிக்கத் தெரியாமல் அவுட்டானோம், அதைப் பேசுவோமா என்று கேட்டிருக்கிறார். சொய்லாவின் பெயரை அந்தக் கடையில் யாரும் சாட்சிக்கு இழுக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். கீனோதான் வந்து இதைச் சொன்னான்.

தியோஃபிலோவின் கோபம் ஈஸ்டர் வரை தாங்கியது. அவன் மனைவிக்கு மகள் கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்ய வேண்டியிருந்தது. வேறு ஆளிடம் போகமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் பேக்கரியிலிருந்து ஒரு கேக்கோடு வந்து, வெளியிலேயே நின்று, உள்ளே கொடுத்தனுப்பினான்.

அடுத்த கோடையில் பெர்சியோவின் மகள் பாஸ்டனிலிருந்து வந்து, வற்புறுத்தி, அவருக்கு ஆபரேஷன் செய்ய வைத்தாள். வலது கண்ணில் பாதிப் பார்வை திரும்பியது. சீசன் தொடங்கியதும் தன் பழைய இடத்துக்கு, மஞ்சள் கூட்டத்தின் நட்டநடுவுக்கு அவர் போனார். சொய்லாவும் பழைய இடத்துக்குத் திரும்பினாள். நிம்மதி என்றுதான் தோன்றியது. முதல் ஆட்டத்தில் பாதிவரை யாரிடமும் எதுவும் சொல்லாமல் பார்த்தாள். அது அவ்வளவு நன்றாக இல்லை.

இரண்டாவது வாரம் அவர் பார்லருக்கு வந்தார். இந்தத் தடவை சுவரைத் தடவவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் அவராகவே உட்கார்ந்தார்.

"எங்க மூணாம் தளத்துக்காரன் இவ்வளவு குண்டாயிட்டானா?"

"ரெண்டு வருஷமா அப்படித்தான்."

"குனிஞ்சு பந்தெடுக்க முடியல அவனால. நீ ஒரு நாளும் சொல்லலியே."

"நீங்க கேக்கல."

பெர்சியோ கண்ணாடியில் அவளைப் பார்த்தார், அல்லது பாதி பார்த்தார். அவள் சொன்னபோது தங்கள் அணி இதைவிட நன்றாக ஆடிக்கொண்டிருந்தது என்றார். நான் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை என்றாள் சொய்லா. அது எனக்குத் தெரியும் என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவர் மறுபடி படிக்கட்டு ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தார். வலது கண்ணுக்கு வெயில் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகக் கீனோவிடம் காரணம் சொன்னார். அந்த இடத்தில்தான் மைதானத்திலேயே அதிக வெயில். சொய்லா வழிக்கு அந்தப் பக்கம் நீல ஓரத்தில் உட்கார்ந்து, வீச்சாளன் நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று ஆரம்பித்தாள்.