நாயின் இடது காதில் ஒரு கட்டு

ரொசாரியோ நகரத்தில் எலிதா புரூசாவின் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும், எது எத்தனை நிமிடம் தாமதம் என்று இருபத்தேழு வருடம் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் சொன்னவள் அவள். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும், ரொட்டிக் கடையில் "அரை டஜன் குடுங்க" என்று வாய் திறந்தால், வரிசையில் நிற்பவர்களில் ஒருவராவது திடுக்கிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

அவள் தப்பான தகவலே சொன்னதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சொன்னால் அடுத்த நிமிடமே திருத்திவிடுவாள். அதற்கென்று ஒரு வாசகம் வைத்திருந்தாள்: "முன்பு அறிவித்த தகவலில் திருத்தம்." ஒரே ஒரு தகவலை மட்டும் இருபத்தொரு வருடமாகத் திருத்தாமல் விட்டிருந்தாள். அது ஒரு நாயைப் பற்றியது.

அவளுடைய அப்பா அதே நிலையத்தில் பேருந்துகளைக் கழுவியவர். பயணிகள் இருக்கையில் விட்டுப் போகும் படக்கதை இதழ்களைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். எதுவும் முழுசாக இருக்காது. ஒன்றில் அட்டை போயிருக்கும். இன்னொன்றின் நடுப்பக்கத்தைக் கிழித்து யாரோ வறுத்த மீனை மடித்திருப்பார்கள். தங்கை ஒஃபேலியாவுக்குப் படித்துக்காட்டும்போது கிழிந்த இடம் வந்தால், எலிதா ஒரு நொடிகூட நிறுத்தாமல் சொந்தமாகச் சொல்லிக்கொண்டே போவாள். காகிதம் எங்கே முடிந்தது, அக்கா எங்கே ஆரம்பித்தாள் என்று தங்கைக்குத் தெரியவே தெரியாது.

அப்படி வந்ததுதான் 'படகோட்டி லவுரோ'வின் கடைசி அத்தியாயம். பரானா ஆற்றில் சரக்குப் படகு ஓட்டும் லவுரோ, அவனுடைய நாய், துரத்திக்கொண்டே வரும் கடத்தல்காரர்கள். 'துடுப்பு' என்ற உள்ளூர் வார இதழில் அன்சால்தி என்பவர் எழுதி வரைந்த தொடர் அது. 1969இல் இதழ் நின்றபோது கதையும் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதுதான் சிக்கல். கடைசிப் பக்கத்தின் மறுபுறத்தில், வெட்டி ஒட்டி விளையாட லவுரோவின் படகை அச்சிட்டிருந்தார்கள். ஊரில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் கத்தரிக்கோலைத் தூக்கியது. இன்றைக்கும் எந்தச் சேகரிப்பாளரிடம் அந்த இதழைப் பார்த்தாலும், கடைசித் தாளில் படகு வடிவத்தில் ஓட்டைதான் இருக்கும்.

இதையெல்லாம் விலாவாரியாகப் பேசுவதற்கென்றே ஒரு மேஜை இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக் கடையில், ஜன்னலோரம். பூட்டுக்காரர் வால்தெர், பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்த இர்மா, முடிதிருத்தும் தெல்ஃபோர், எலிதா. அந்த மாதம் படித்த படக்கதைகளை அவரவர் முன்னால் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டும். ஒரே ஒரு சட்டம்: படித்ததை மட்டும்தான் சொல்லலாம், கேள்விப்பட்டதைச் சொல்லக் கூடாது. மீறினவர் எல்லோருக்கும் கார்லிதோ வாங்கித் தர வேண்டும். தக்காளிச் சாறு வழிய வழிய வரும் அந்தச் சுட்ட ரொட்டியைத் தண்டனையாக வாங்கிக் கொடுத்தே தெல்ஃபோர் நொந்துபோயிருந்தார்.

1998இல் ஒரு சனிக்கிழமை பேச்சு லவுரோவுக்குத் திரும்பியது. மற்ற மூவரும் "நான் படகை வெட்டிட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எலிதாவின் முன்னால் அன்றைக்கு ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. விடுமுறைக் கூட்டம், கூடுதல் நேர வேலை, அந்த மாதம் வேறெதையும் படிக்க முடியவில்லை. ஒற்றைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. "நான் படிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். பிறகு, பன்னிரண்டு வயதில் தங்கைக்குச் சொன்ன முடிவை ஒலிபெருக்கிக் குரலில் கட்டம் கட்டமாகச் சொன்னாள். லவுரோ தன் தொப்பியைச் சுக்கானில் கட்டிவிட்டு இருட்டில் குதிக்கிறான். ஆளில்லாத படகைக் கடத்தல்காரர்கள் கடல்வரை துரத்திப் போகிறார்கள். கடைசிக் கட்டத்தில் கரையில் நாய் உட்கார்ந்திருக்கிறது, அதன் பக்கத்தில் ஈரமான ஒற்றைப் பூட்ஸ். மூவரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

2019 மே மாதத்துச் சனிக்கிழமை. கண்புரை அறுவைச் சிகிச்சையால் எலிதா இரண்டு கூட்டங்களுக்கு வந்திருக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கடைக்குள் நுழைந்தபோது, வழக்கமான அடுக்குகள் எதுவும் மேஜையில் இல்லை. மூவருக்கும் முன்னால் ஒரே மாதிரி மூன்று புத்தகங்கள். மூன்றும் குப்புறக் கிடந்தன.

"கண்ணு எப்படி இருக்கு?" என்றார் வால்தெர்.

"உன் மூக்குல இருக்கிற முடியை எண்ணிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் தாயி. அதுக்குப் பதிலா இதைப் பாரு." நான்காவது பிரதி ஒன்றை நீட்டினார். படகோட்டி லவுரோ. முழுத் தொகுப்பு. கெட்டி அட்டை.

"ஐயோ! யாரு போட்டது? எப்ப?"

"இந்த வாரம்தான் வந்துச்சு. உனக்குத் தெரியக் கூடாதுன்னு எட்டு மாசம் வாயைக் கட்டிட்டிருந்தோம்" என்றாள் இர்மா. "தெல்ஃபோர்கூட உளறல, பாத்துக்கோ."

"கடைசிப் பக்கம்?"

"அதுதான் விஷயமே. திருப்பு, திருப்பு."

எலிதா திருப்பினாள். சுக்கானில் கட்டிய தொப்பி. ஆளில்லாத படகு. கரையில் நாய், பூட்ஸ். நாயின் இடது காதில் வெள்ளையாக ஒரு கட்டு.

அறுவைச் சிகிச்சை செய்த கண்தான் ஏமாற்றுகிறதோ என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மற்றதை. கட்டு அங்கேயேதான் இருந்தது. தொடர் முழுக்க அந்த நாய்க்குக் காதில் காயமே கிடையாது. 1969இல் காதில் கட்டோடு படுத்திருந்தது ஒஃபேலியா. அறுவைச் சிகிச்சை முடிந்து, வலியில் அழுதுகொண்டு, "நாய் செத்துப்போச்சா, செத்துப்போச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தவளிடம், "சாகலடி, உன்னை மாதிரியே காதுல கட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு" என்று எலிதாதான் சொன்னாள். 1998இல் இந்த மேஜையிலும் அந்தக் கட்டை விடாமல் சொல்லியிருந்தாள்.

"இந்தப் பக்கம் எங்கேருந்து வந்துச்சு?"

"ஒரு பொண்ணு புதுசா வரைஞ்சது. அச்சு அசல் அன்சால்தி கை மாதிரியே இல்ல?" வால்தெர் புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: மூலப் பக்கம் எங்கும் கிடைக்காததால், அதை நேரில் படித்த மூன்று வாசகர்களின் சாட்சியத்தைக் கொண்டு இந்தப் பக்கம் மீண்டும் வரையப்பட்டது. கீழே வால்தெர், இர்மா, தெல்ஃபோர் என்று மூன்று பெயர்கள்.

எலிதா வால்தெரைப் பார்த்தாள். "நேர்ல படிச்சியா? நீயா?"

"பின்னே? கண்ணால படிச்சேன்."

"வால்தெர், நீ படகை வெட்டினவன். இதே மேஜையில சொன்ன."

"வெட்டினேன். வெட்டறதுக்கு முன்னாடி படிக்க மாட்டேனா?"

"இர்மா?"

"எனக்கு அந்த வாசனைகூட ஞாபகம் இருக்கு எலிதா. மை வாசனை. அந்தப் பூட்ஸைப் பாத்து அழுதேன்."

தெல்ஃபோர் மார்பில் கை வைத்தார். "நான் சத்தியம் பண்ணிக் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கேன்."

பரிசாரகர் கொண்டுவந்து வைத்த காபியை யாரும் தொடவில்லை. எலிதா சொன்னாள். அப்பாவின் சாக்கு, படகு வடிவ ஓட்டை, தங்கையின் காது, 1998இல் முன்னாலிருந்த ஒற்றைப் புத்தகம். நான்கே நிமிடம்தான் ஆனது. இர்மா தன் பிரதியை எடுத்து, அந்தப் பக்கத்தை முகர்ந்து பார்த்தாள்.

வால்தெர்தான் முதலில் பேசினார்.

"ஆறு மணிக்கு நூலகத்துல வெளியீடு. நான் மேடையில பேசணும். அன்சால்தியோட மகள் சாந்தா ஃபே ஊர்லேருந்து வந்திருக்காங்க. என் பேரப்பிள்ளைங்க முன் வரிசையில உக்காந்திருப்பாங்க. இப்பப் போயி நீ இதைச் சொல்ற."

"நான் எட்டு மாசம் முன்னாடியே சொல்லியிருப்பேன். நீ கேக்கலையே!"

"உனக்கு இன்ப அதிர்ச்சி குடுக்கலாம்னு பாத்தேன்."

"குடுத்துட்ட."

"விடேன் எலிதா" என்றாள் இர்மா, குரலைத் தாழ்த்தி. "அம்பது வருஷம் கழிச்சு ஒரு நாய் பொழைச்சிருக்கு. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"செத்துப்போன மனுஷன் பேர்ல நான் விட்ட கதை அச்சாகியிருக்கு இர்மா. அதுவும் அவரு மக முன்னாடி. நான் கைதட்டிட்டு வரணுமா?"

"சொன்னா, படக்கதை தெரிஞ்ச ஆளுன்னு முப்பது வருஷமா இந்த ஊர்ல எனக்கு இருக்கிற பேரு ஒரு சாயங்காலத்துல போயிடும்" என்றார் வால்தெர். எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவருடைய பிரதி மேஜையிலேயே கிடந்தது. அவர் இப்படிப் பாதியில் எழுந்து போனதே கிடையாது. சண்டை போட்ட நாட்களில்கூட, கடைசிப் புத்தகம்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

ஆறு மணிக்கு நூலகத்தில் உட்கார இடமில்லை. சேகரிப்பாளர்கள், நரைத்த தலைகள், சட்டையில் லவுரோ படம் குத்திக்கொண்டு வந்தவர்கள். மேடையில் லியோனோர் அன்சால்தி, எழுபது வயதிருக்கும், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. வால்தெர் மைக்கின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்குப் பதினொரு வயசு இருக்கும்போது..." என்று ஆரம்பித்தார். அப்படியே நின்றுவிட்டார். கூட்டத்தில் எலிதாவைத் தேடினார். கோபமா கெஞ்சலா என்று கண்டுபிடிக்க முடியாத பார்வை அது. அந்த வாக்கியத்துக்கு அடுத்த வார்த்தை அவரிடம் இல்லை என்பது மட்டும் எலிதாவுக்குப் புரிந்தது. எழுந்து மேடையேறி, மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"கவனிக்கவும். முன்பு அறிவித்த தகவலில் திருத்தம்."

அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டம் மொத்தமும் நிமிர்ந்தது. யாரோ ஒருவர் காலடியில் பெட்டியைத் துழாவினார். எலிதா சுருக்கமாகச் சொன்னாள்: கடைசிப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை, அது நான் இட்டுக்கட்டியது, இருபத்தொரு வருடம் முன்பே திருத்தியிருக்க வேண்டும், தாமதத்துக்கு வருந்துகிறேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு தடித்த மனிதர் நாற்காலி கிறீச்சிட எழுந்தார்.

"அம்மா, நீங்க சொல்றது பொய். அந்தப் பக்கத்தை நான் படிச்சேன்."

"ஆமா, நானும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் நாலைந்து தலைகள் ஆடின. தப்பாகச் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அடிக்க வருவார்கள் போலிருந்தது.

அப்போது வால்தெர் குனிந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். முன் வரிசையிலிருந்த பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் படிக்கல. படகை வெட்டினேன். எலிதா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"நானும் படிக்கல" என்று இர்மா எழுந்தாள். தெல்ஃபோர் கையை மட்டும் தூக்கினார், பள்ளிப் பிள்ளை மாதிரி.

எல்லோரும் லியோனோரைப் பார்த்தார்கள். அவர் கைப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கு நாய்னாலே ஆகாது. இந்த வாரம் அதைக் கொன்னுடறேன், அடுத்த வாரம் கொன்னுடறேன்னு சொல்லிட்டே இருப்பாரு. ஆசிரியர் விடமாட்டாரு."

"கடைசியில கொன்னாரா?" என்று கேட்டாள் எலிதா.

"எனக்கெப்படித் தெரியும்? அப்ப எனக்கு இருபது வயசு, கதையெல்லாம் எங்க படிச்சேன்? என் தம்பிக்கு அந்தப் படகை வெட்டிக் குடுத்ததே நான்தான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். மூன்றாவது வரிசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி நேராக எலிதாவிடம் வந்தார். வால்தெர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"நீங்க யாரும் படிக்கலேன்னா அது உங்க பாடு. எங்கம்மா எனக்குக் கத்தரிக்கோலே குடுத்ததில்ல. என் பக்கம் முழுசா இருந்துச்சு. அப்புறம் வெள்ளத்துல போச்சு. இதோ, காதுல இந்தக் கட்டுகூட இருந்துச்சு. நாய்க்கு ஏன் கட்டுன்னு அப்பவே யோசிச்சேன்."

ஐம்பது வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எலிதா மெதுவாகச் சொன்னாள்: "என் தங்கச்சிக்குக் காதுல ஆபரேஷன் ஆகியிருந்துச்சு ஐயா. இடது காது. இதே கட்டுதான்."

அவர் படத்தைப் பார்த்தார், எலிதாவைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படிச் சொல்லுங்க! அன்சால்தி உங்க தங்கச்சியைப் பாத்துட்டுத்தான் வரைஞ்சிருக்காரு."

புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிம்மதியாக வாசலைப் பார்த்து நடந்தார். எலிதா வாயைத் திறந்தாள். இருபத்தேழு வருடம் எல்லா வண்டிக்கும் திருத்தம் சொன்ன வாய், அப்படியே திறந்தபடி நின்றது.

வால்தெர் அவள் முழங்கையைத் தொட்டார். "வா, கடை மூடறதுக்குள்ள போகலாம். நாலு பேருமே சட்டத்தை மீறியிருக்கோம். ஆளுக்கு நாலு கார்லிதோ."