இல்லாத வளைவு

தனசேகரன் இறந்துவிட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கைபேசியில் வந்தது. நான் நம்பவில்லை. அனுப்பியவர் யார், அவருக்கு யார் சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இது அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

காரணமும் இருந்தது. நான் அவரோடு சேர்வதற்கு முன்பு ஒருமுறை, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத் தன்னைப் பற்றி அவரே ஆள்விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார். யார் விசாரிக்கிறார்கள் என்று பார்க்க. என்னிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “நாலு பேரு போன் பண்ணாங்க. நம்ம டீம் மோகன் பண்ணல. பொய்யின்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. எப்படித் தெரிஞ்சுது? அத யோசி.”

அவர் மனைவி செல்வி அக்காவை அழைத்தேன். எடுத்தார். பின்னால் பந்தல்காரர்கள் வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நம்பினேன்.

வயது நாற்பத்து நான்கு. மாரடைப்பு. போட்டியில் அல்ல. விருத்தாசலத்தில் தன் ஒர்க்‌ஷாப்பில், யாருடைய காரின் பானெட்டையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு ஓட்டியவர்கள். அவரை எதிர்த்து ஓட்டியவர்கள். அவர் வண்டிக்குச் சக்கரம் மாற்றியவர்கள். கார் ராலியில் அவர் பெயரைச் சொன்னால் உங்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும்: மழையில் அவர் ஓட்டும் விதம், அவருடைய சந்தேகம். இரண்டாவதுதான் அவரைக் கெடுத்தது என்று அன்று பந்தலிலும் பேசிக்கொண்டீர்கள். “நல்ல டிரைவர், ஆனா சந்தேகப் பிராணி.” டீ கிளாஸோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவருடைய நேவிகேட்டர். மூன்று வருடம் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். ராலிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக: போக்குவரத்தை நிறுத்திய கிராமச் சாலையில் இரண்டு நிமிட இடைவெளியில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயிப்பார். முந்தின நாள் அதே சாலையில் மெதுவாகப் போய்ப் பார்க்கும்போது ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் சொல்வார், நேவிகேட்டர் நோட்டில் எழுதுவார். போட்டியன்று அதை வாசிப்பார். புழுதியில் கண்ணுக்கு வேலை குறைவு. ஓட்டுநர் காதால் ஓட்டுகிறார்.

சிதம்பரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீமுஷ்ணத்தில் வீட்டில் சும்மா இருந்தேன். அவர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். காரில் உட்காரவைத்து, கையில் பஸ் டைம் அச்சடித்த தாளைக் கொடுத்தார். “படி. நிறுத்தாத.” பெண்ணாடம் சாலையில் வண்டியை விரட்டினார். பெண்ணாடம் ஆறு பத்து, திட்டக்குடி ஆறு இருபத்தைந்து. எங்கோ ஒரு கரும்பு டிராக்டர் குறுக்கே திரும்பியிருக்கிறது. நான் தாளில் ஏழு நாற்பது பஸ்ஸில் இருந்தேன்.

“பயமா இல்லியா?”

“நான் ரோட்டப் பாக்கலண்ணா.”

“அதான் வேணும்” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “எம்.ஏ. படிச்ச பொண்ணுக்கு இது எதுக்கு? யாராச்சும் அனுப்புனாங்களா?”

முதல் வருடம் நான் தாமதமாக வாசித்தேன். எழுத்து கண்ணில் பட்டு வாய்க்கு வருவதற்குள் வண்டி வளைவுக்குள் இருக்கும். அவர் கத்தமாட்டார். “வளைவுக்குள்ள போன பெறகு வளைவுன்னு சொல்லாத எழிலு. அது எனக்கே தெரியும்.”

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவர் அப்பா வைத்திருந்த சின்னச் சூளையில் பீஸ் கட்டை செய்தார்கள். மின்சாரப் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, அது. சூளையிலிருந்து எடுத்ததும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். தனசேகரன் எல்லாவற்றையும் அப்படித் தட்டினார். சக்கர ரிம், ஹெல்மெட், ஓட்டல் அறைக் கதவு. ஒரு மெக்கானிக், “எந் தலையையும் தட்டிப் பாத்துருங்கண்ணா” என்று குனிந்தான். “உன்னுது தட்டாமலே கேக்குதுடா.”

ஆனால் எதையும் ஒருமுறைதான் தட்டுவார். சந்தேகம் தீராவிட்டாலும் ஒருமுறைதான். “ரெண்டாந்தரம் தட்டுனா நல்லதும் விரிசல் வுட்டுடும். அப்பா கைய ஒடச்சிருவாரு.”

எங்கள் அணிக்கு இரண்டு வண்டிகள். முதல் வண்டி மோகனுடையது. மோகன் எல்லோருடைய பெயரையும் தெரிந்துவைத்திருப்பார், குழந்தைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்று கேட்பார். தனசேகரன் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார், எல்லாவற்றையும் கவனிப்பார். புது உதிரிபாகம் வந்தால் முதல் வண்டிக்குப் போகும், அங்கே கழற்றியது எங்களுக்கு வரும். எல்லா அணிகளிலும் அப்படித்தான். அவர் அதைச் சதி என்றார். எங்கள் டயர்களின் உள்பக்கத்தில் செல்வி அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார். மெக்கானிக்குகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து மோகனின் வண்டி ஜாக்கியில் ஏறியபோது, பின்சக்கரத்தின் உள்பக்கம் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது.

அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

அவருடைய நோட்டில் ஒவ்வொரு ராலிக்கும் ஒரு பொய் இருக்கும். இது உங்களில் யாருக்கும் தெரியாது. நேரான சாலையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, ‘ரைட் ரெண்டு’ என்று எழுதச் சொல்வார். எங்கள் கணக்கில் ஆறு என்றால் லேசான வளைவு. ரெண்டு என்றால் பிரேக்கை முழுக்க அழுத்தியாக வேண்டும். அந்த வரியை நான் எழுத வேண்டும், வாசிக்கக் கூடாது. எவனாவது நோட்டைத் திருடினால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வான். எந்த வரி என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். மூன்று வருடம் நான் அதை வாசிக்காமல் தாண்டினேன். எங்களுக்குள் நம்பிக்கை என்று ஒன்று இருந்தது என்றால், அது அந்த வாசிக்காத வரி.

மூன்றாவது வருடத்தின் நடுவில் ஒரு ராலி. முந்தின நாள் மோகனுக்குக் காய்ச்சல். சாலையைப் பார்க்கப் போகவில்லை. சாயங்காலம் அணியின் மேனேஜர் என்னை ஓட்டல் வாசலில் நிறுத்தினார்.

“எழில், உங்க நோட்டு ஒரு காப்பி வேணும். டீம் ஃபைலுக்கு.”

“தனா அண்ணாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“கேட்டா என்ன சொல்வாருன்னு உனக்கே தெரியும். நோட்டு டீமோடதும்மா.” கொஞ்சம் நின்று, “அப்புறம், அடுத்த வருஷம் முதல் வண்டிக்கு நேவிகேட்டர் மாத்தறோம். உன் பேருதான் ஓடுது” என்றார்.

இரண்டு பேச்சுக்கும் தொடர்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரே ஜெராக்ஸ் கடை. பதினான்கு பக்கம். கொடுக்கும்போது மேனேஜர் கேட்டார்: “எல்லாம் கரெக்டா இருக்கில்ல?”

“இருக்குது சார்.”

பொய் வரியை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத் தனசேகரனுக்கு நான் காட்டிய விசுவாசம் என்று அன்று நினைத்தேன். ஃபைலில்தானே இருக்கப்போகிறது என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே சமயத்தில் நினைக்க முடிந்தது. அந்த வரி மோகனைக் கொன்றிருக்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் மோகனின் வண்டி எங்களுக்கு இரண்டு நிமிடம் முன்னால் போனது. தைலமரத் தோப்பைத் தாண்டினால் நீண்ட நேர்ச்சாலை. அங்கேதான் எங்கள் இல்லாத வளைவு. நான் அந்த வரியைத் தாண்டி விரலை வைத்தேன். நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. வண்டி ஒரு கணம் தளர்ந்ததால் நிமிர்ந்தேன்.

சாலையில் கறுப்பாக இரண்டு கோடுகள். கோடுகளின் முடிவில் கடலைக் கொல்லைக்குள் திரும்பி நின்றது மோகனின் வண்டி. மோகன் வெளியே வந்து, அடி எதுவும் இல்லை என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சுற்றிலும் ஒரு திருப்பமும் இல்லை. ஆகாயம்வரை நேராக இருந்தது சாலை.

தனசேகரன் என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“அடுத்தது என்ன?”

“நூறு மீட்டர், லெஃப்ட் நாலு” என்றேன். குரல் நடுங்கவில்லை. அதற்காகத்தான் என்னை எடுத்திருந்தார்.

அந்த ராலியை நாங்கள் ஜெயித்தோம்.

பிறகு நடந்த கூட்டத்தில் உங்களில் சிலர் இருந்தீர்கள். “என் நோட்டு அவன் வண்டியில இருந்துது” என்றார் தனசேகரன். “நாய் குறுக்கால வந்துடுச்சு சார்” என்றார் மோகன். “நாய் பேரு ரைட் ரெண்டா?” நீங்கள் சிரித்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. மேனேஜர் என் பக்கம் திரும்பி, “எழில், நோட்ட யாருக்காவது கொடுத்தியாம்மா?” என்று கேட்டார். வாங்கியவரே கேட்டார். நான் இல்லை என்றேன்.

பத்து நாளில் தனசேகரன் கோவை அணிக்குப் போனார். அந்த வருடம் ஒரு போட்டியையும் முடிக்காத வண்டி அது. புள்ளிகளில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் அந்த வண்டியில் ஏறுவது தற்கொலை என்று எல்லோரும் சொன்னார்கள். போவதற்கு முன் என்னைப் போனில் அழைத்தார்.

“எழிலு, கேக்குறன். குடுத்தியா?”

“இல்லண்ணா.”

“சரி” என்றார். வைத்துவிட்டார்.

கோவை வண்டி இரண்டு முறை கியர் பாக்ஸ் கெட்டு நின்றது, ஒருமுறை தீப்பிடித்தது. அடுத்த வருடம் எந்த அணியும் அவரைக் கூப்பிடவில்லை. இல்லாத திருட்டைக் கற்பனை செய்துகொண்டு போனவரை யார் கூப்பிடுவார்கள்? விருத்தாசலத்தில் ஒர்க்‌ஷாப் போட்டார். நான் மோகனின் வண்டியில் உட்கார்ந்தேன். கோப்பை வாங்கினோம். அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அன்று பந்தலிலிருந்து உள்ளே போனேன். செல்வி அக்கா பக்கத்தில் இடம் விட்டார். அழுது முடித்திருந்தார்.

“யாரத்தான் நம்புனாரு? நான் கேஸ மூடுன பெறகு போயி, மூடியிருக்குதான்னு பாப்பாரு. வூட்டப் பூட்டிட்டுப் போனா பாதி வழியில திரும்புவாரு.” கொஞ்சம் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்னப் பத்தி நானே ஒரு நாளு சொன்னன். அந்தப் பொண்ண இன்னொருவாட்டி கேட்டுப் பாருங்களேன்னு. ‘ஒருதரம் கேட்டாச்சு செல்வி. ரெண்டாந்தரம் தட்டக் கூடாது’ன்னுட்டாரு.”

அக்கா முகத்தைப் பார்த்தேன். அதை எனக்குச் சொன்னாரா, கணவருக்குப் பதிலாக என்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை. முதல் தட்டிலேயே சத்தம் செத்திருந்ததைத் தனசேகரன் கேட்டிருப்பார் என்றும் தோன்றியது. காதால் ஓட்டியவர். தொலைபேசியில் என் குரலும் எதையோ வாசிப்பதுபோலத்தான் இருந்திருக்கும்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ராலியின் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், ஒரு கேள்வியும். அவர் சந்தேகப்பட்ட டயர் உண்மை. அவர் சந்தேகப்பட்ட நோட்டும் உண்மை. அவர் பெயரோடு நீங்கள் சேர்த்துச் சொல்லும் அந்தச் சொல்லை இனி எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் எனக்கு வேறொரு சொல்லைத் தேடிக்கொள்ளுங்கள்.

வளைவுக்குள் போன பிறகு சொல்லாதே என்பார். வளைவு முடிந்து வெகுதூரம் ஆகிவிட்டது. அவர் ஒரே ஒருமுறை கேட்டார்.

குடுத்தேண்ணா. நான்தான் குடுத்தேன்.