பின்னறையில் இருந்தவர்

அப்பா இறந்த மூன்றாவது வாரம் நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனேன். இரண்டாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கியிருந்தன. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் அவருடைய வேலையோடு வந்தது. ஆள் போனதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அம்மா செமினியில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றிய லோரியில் ஏறும்போது, "போட்டு வாறன் பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். நான் தலையாட்டினேன். அழவில்லை. இழவு வீட்டிலும் அழவில்லை. 'பெட்டை கல்லு மாதிரி நிக்கிறாள்' என்று ஒரு மாமி சொன்னது காதில் விழுந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக்கிடக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

நான் படித்தது சமூக மேம்பாடு. சட்டம் படிக்க மதிப்பெண் போதவில்லை, கிடைத்ததை எடுத்துக்கொண்டேன். அந்தப் பருவத்தில் தலைமைத்துவம் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதை நடத்திய மலாய்க்கார விரிவுரையாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு நடத்துகிற தலைமைதான் தலைமை என்பார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக் கீழே கோடு போட்டேன். கோடு நேராக வந்தது. அது மட்டும்தான் மனதில் பட்டது.

களப்பணிக்கு எங்களைக் கிள்ளானில் ஒரு கம்பத்துக்கு, புறம்போக்கு நிலத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு, அனுப்பினார்கள். நானும் கிளந்தானிலிருந்து வந்து படித்த ஒரு மலாய் மாணவனும். தண்டவாளத்தை ஒட்டிய நிலம். ரப்பர் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலகையும் தகரமும் கொண்டு கட்டிய வீடுகள். நிலத்தை எடுத்துக்கொண்டு, அங்கிருப்பவர்களுக்கு அடுக்குமாடி வீடு தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது, குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டுவது, அறிக்கை எழுதுவது, இவ்வளவும் எங்கள் வேலை. அவன் வரைபடம் வரைந்தான். தமிழ் தெரிந்ததால் கேள்வி கேட்பது என் பங்கு.

கம்பத்துத் தலைவர் ஒரு லோரி ஓட்டுநர். உரத்த குரல், நல்ல மனம். முதல் நாளே எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, "எது வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க. இங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாதது இல்லலா" என்றார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க சிலோன்காரங்களா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.

படிவத்தில் முதல் வரி, குடும்பத் தலைவர் பெயர். நான் முன்வாசலில் நின்று கேட்பேன். யார் வெளியே வந்தாரோ அவர் சொன்னதை எழுதுவேன். தலைவர் வீட்டில், 'ஒரு குடும்பம், ஆறு பேர்' என்று எழுதினேன். வீட்டின் பின்பக்கம் பலகைத் தடுப்பு போட்ட இன்னொரு அறை இருந்தது. அதற்குத் தனிக் கதவு இருந்தது. கொடியில் தொழிற்சாலைச் சீருடையும் ஒரு சின்னப் பெண்ணின் பள்ளிக்கூடப் பாவாடையும் காய்ந்தன. தலைவருக்கு இருந்த நான்கும் ஆண் பிள்ளைகள். இதெல்லாம் என் கண்ணில் பட்டது. நான் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பொதுக்குழாயடியில் ஒரு பெண் என்னை நிறுத்தினார். முப்பத்தைந்து வயதிருக்கும். அதே சீருடை. கையில் ஒரு வாளி.

"தங்கச்சி, எங்கள எழுதிட்டீங்களா? நான் தலைவரு வீட்டுக்குப் பின்னால இருக்கேன். நானும் என் மகளும்."

"எழுதியாச்சு அக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். அவரை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. வெயில். பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதே எனக்குச் சுலபமாக இருந்தது. சாப்பிட்டாயா, ஆமாம். தூங்கினாயா, ஆமாம். அந்த வரிசையில் இதுவும் ஒன்று.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் நடந்தது. ஆண்கள் நாற்காலியில் இருந்தார்கள். பெண்கள் வெளியே நின்றார்கள். தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் பின்னறைப் பெண் வெளியிலிருந்தபடியே கேட்டார்: "ஒரே வீட்டுல ரெண்டு குடும்பம் இருந்தா, ரெண்டு வீடு குடுப்பாங்களா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்லா" என்றார் தலைவர். யாரோ சிரித்தார்கள். கூட்டம் முடிந்தது. அறிக்கையில் நான் இப்படி எழுதினேன்: 'பெண்களும் கலந்துகொண்டனர். கேள்விகள் எழுந்தன, விளக்கம் அளிக்கப்பட்டது.'

அந்த அறிக்கைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. வீட்டுப் பட்டியல் தெளிவாக இருக்கிறது என்று விரிவுரையாளர் பாராட்டினார். வீடமைப்பு அலுவலகம் கேட்டதால் அதன் ஒரு பிரதியை அங்கே அனுப்பியும் வைத்தார்.

அடுத்த ஆண்டு ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, நடைபாதை பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்து வயது மகள். கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறி, யார் யாரையோ கேட்டு வந்திருந்தார்.

"வீடு குடுக்கறவங்க பேரை ஒட்டிட்டாங்க தங்கச்சி. எங்க பேரு இல்ல."

நான் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"எழுதியாச்சுன்னு சொன்னீங்களே."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ பிசகு, நான் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் வந்திருந்தார். நான் அவர்களைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் மைலோ வாங்கிக் கொடுத்தேன். பிறகு, "நான் எழுதேல்ல அக்கா. பொய் சொல்லிட்டன்" என்றேன். அவர் மகளின் பக்கம் திரும்பினார். மகள் மைலோவைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "சரி, ஆபீசுக்கு வாங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

மறுநாள் கிள்ளான் ரயில் நிலையத்தில் சந்தித்து அங்கிருந்து பஸ் பிடித்தோம். பஸ்ஸில் அவர் என் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

"செத்துட்டார்."

"எப்ப?"

"உங்கட கம்பத்துக்கு வாறதுக்குக் கொஞ்ச நாள் முன்னம்."

கம்பத்தில் யாரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் எழுந்து, சன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். "காத்து வரும், உக்காருங்க" என்றார். அவருடைய வீட்டைப் பறித்தவள் நான். அவர் எழுந்து எனக்கு இடம் கொடுக்கிறார். நெஞ்சில் ஏதாவது அசையும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. கடைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அலுவலகத்தில் அதிகாரி கணக்கெடுப்புக் கோப்பை எடுத்துப் பொறுமையாகக் காட்டினார். என் கையெழுத்து. ஒரு குடும்பம், ஆறு பேர். கீழே நான் ஒப்பமிட்டிருந்தேன். நான் மலாயில் என் தவறைச் சொன்னேன். வீட்டுக்காரர் ஒரு கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் அவர்.

அன்று மாலையே தலைவரிடம் போனோம். அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "ரூமை வாடகைக்கு விட்டேன்னு எழுதிக் குடுத்தா என் வீட்டையும் நிறுத்திடுவான்மா. எனக்கும் நாலு புள்ளைங்க. நான் என்ன பண்ணுவேன்?" அந்தப் பெண் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

நான் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். விரிவுரையாளரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். உன் பட்டியலில் எந்த வீட்டிலும் இரண்டாவது குடும்பம் இல்லை. நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லி, கடிதத்தின் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் பதில் இல்லை.

எங்கள் கடிதத்தை நம்பிப் பின்னறைப் பெண் சும்மா இருக்கவில்லை. பின்னறைகளில், சமையல்கட்டை ஒட்டிய சாய்ப்புகளில் தன்னைப் போல் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்களா என்று, வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டின் பின்கதவையும் தட்டியிருக்கிறார். அவரையும் சேர்த்து ஏழு குடும்பங்கள் இருந்தன. மகள் பள்ளி நோட்டில் எல்லாருடைய பெயரையும் எழுதியிருந்தாள். குழாயடிப் பெண்கள் அத்தனை பேரும், ஆமாம், இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தார்கள். தலைவரின் மனைவி கையெழுத்தும் இருந்தது. அது தலைவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். மூணு நாளா அவங்க வீட்டுல பேச்சே இல்ல" என்றார்.

அந்த நோட்டோடு பதினைந்து பெண்கள் அலுவலகத்துக்குப் போனார்கள். மொழிபெயர்க்க நானும் போனேன். ஒவ்வொருவரும் தன் வாயால் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். பேசப் பயந்த ஒரு வயதான அம்மாவை இரண்டு பேர் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த அம்மா பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடவில்லை. நான் ஒரு பருவம் முழுக்கப் பாடமாகப் படித்தது என் முன்னால் நடந்துகொண்டிருந்தது. நான் அதை வார்த்தைக்கு வார்த்தை மலாயில் சொல்லிக்கொண்டிருந்தேன், வானொலிச் செய்தி வாசிப்பதைப் போல.

துணைப் பட்டியல் ஒன்று போட ஒப்புக்கொண்டார்கள். தலைவர் வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துணைப் பட்டியலுக்குப் புதிய விதி இருந்தது: நீல நிற ஐசி, குடிமக்களுக்கான அடையாள அட்டை, வைத்திருக்க வேண்டும். ஏழு பேரில் ஐந்து பேருக்கு நீலம். வயதான அம்மாவுக்கும் பின்னறைப் பெண்ணுக்கும் சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்கானது. பின்னறைப் பெண் தோட்டத்தில் பிறந்தவர்; பிறப்புப் பத்திரம் எடுக்க அவர் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் பட்டியலுக்கும் இந்த விதி உண்டா என்று அதிகாரியைக் கேட்டேன். "இல்லை. அது உங்கள் கணக்கெடுப்பில் இருந்தவர்களுக்கு அப்படியே கொடுத்தது" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பின்னறைப் பெண்ணுக்கு அந்த அளவு மலாய் தெரியும்.

வெளியே படிக்கட்டில் நின்று, "விடுங்க தங்கச்சி. அஞ்சு பேருக்குக் கெடச்சிச்சில்ல" என்றார். பிறகு வயதான அம்மாவிடம் போய், "நீங்க என்கூட வந்துடுங்க" என்றார்.

தெலுக் பங்லிமா காராங்கில், அவர் வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. அவர்கள் குடிபோன அன்று சாமான் ஏற்ற உதவினேன். தலைவர்தான் தன் லோரியைக் கொண்டுவந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் கட்டிலையும் அடுப்பையும் ஏற்றினார். பலகைத் தடுப்புக்குப் பின்னால் அறை காலியானதும் நான் உள்ளே போய்ப் பார்த்தேன். முதல் தடவையாக அப்போதுதான் உள்ளே போனேன். இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. மகளின் உயரத்தை ஒவ்வொரு வருடமும் குறித்திருந்தார்கள்.

அங்கிருந்து நேராகச் செமினிக்குப் போனேன். அம்மா சோறு போட்டார், சாப்பிட்டேன். படுத்தவள் மறுநாள் பகல்வரை எழவில்லை. எழுந்தபோது நல்ல காய்ச்சல். ஒரு வாரம் அடித்தது. அம்மா நெற்றியில் ஈரத்துணி வைத்துவிட்டு, "அழுறியே பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டுதான் இருந்தது. காய்ச்சலுக்கு அப்படி வரும் என்று நினைத்தேன்.

பட்டம் வாங்கினேன். பங்சாரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நாலைந்து வருடம் கழித்துக் கிள்ளானில் பஸ்ஸுக்கு நின்றபோது, இடைநிலைப்பள்ளிச் சீருடையில் ஒரு பெண் கிட்டே வந்தாள்.

"ஆன்டி, நீங்கதானே யூனிவர்சிட்டி அக்கா? எனக்கு மைலோ வாங்கிக் குடுத்தீங்க."

அவளுடைய அம்மா இப்போது தொழிற்சாலையில் லைன் லீடர் என்றாள். வயதான அம்மா போன வருடம் தவறிவிட்டாராம். கடைசிவரை அவர்களோடுதான் இருந்தாராம். அவளுடைய அம்மாவின் சிவப்பு ஐசியை மாற்ற எழுதிப் போட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையாம்.

"எனக்கு நீலம் கெடச்சிருச்சு ஆன்டி. வேலைக்குப் போனதும் என் பேர்ல வீட்டுக்கு எழுதிப் போடுவேன்" என்றாள்.

என் பஸ் வந்தது. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று அவளோடு நின்றுகொண்டேன்.